முசஃபாவில் நான் சொன்ன ‘ம்ம்’

என் தங்கை சுமதி என்னை அபுதாபிக்கு வரவழைத்ததே ஒரே ஒரு சொல் சொல்வதற்காகத்தான். அந்தச் சொல் ‘ம்ம்’.

நாமக்கல் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு இரண்டு விஷயம் ஞாபகம் வரும். ஒன்று லாரி, இன்னொன்று முட்டை. நான் முட்டை. அப்பா காலத்திலிருந்தே எங்களுக்கு முட்டை மண்டிதான். லாரி என்பது எனக்குக் காலையில் வந்து முட்டை அட்டைகளை ஏற்றிக்கொண்டு போகிற வண்டி, அவ்வளவுதான். என்னிடம் இருப்பது ஒரு பைக். மெக்கானிக் மாற்றச் சொன்னதை மாற்றுவேன், வேண்டாம் என்றால் சந்தோஷமாக வீட்டுக்கு வந்துவிடுவேன்.

ஆனால் சுமதியின் கணவர், என் மாப்பிள்ளை கார்த்திக் சென்னைக்காரர். நாமக்கல்லில் குழந்தைகள் கையில் ஸ்பேனரோடுதான் பிறக்கும் என்பது அவருடைய அசைக்க முடியாத நம்பிக்கை. கல்யாணத்தன்று பெண்ணழைப்புக் காரின் டயர் பஞ்சரானபோது நான் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தேன். அதை அவர் மேற்பார்வை என்று எடுத்துக்கொண்டார். இத்தனை வருஷமாக நானும் அதைத் திருத்தவில்லை. மரியாதை கிடைக்கிறபோது எதற்குத் திருத்துவது?

விமான நிலையத்திலிருந்து வரும் வழியிலேயே சுமதி விஷயத்தைச் சொன்னாள். மகன் கோயம்புத்தூரில் கல்லூரி சேர்ந்துவிட்டான். வீடு வெறிச்சென்று கிடக்கிறது. துபாய் பக்கம் ஜெபல் அலித் துறைமுகத்தில் சரக்கு அனுப்புகிற ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் அவளுக்கு வேலை கிடைத்திருக்கிறது, வரும் திங்கள் சேர வேண்டும். பஸ்ஸில் போய், அங்கிருந்து டாக்ஸி பிடித்து, மறுபடி திரும்பி வருவதெல்லாம் தினமும் நடக்கிற காரியமில்லை. பல தடவை ஃபெயிலாகி, அழுது, ஒருவழியாக லைசென்ஸும் வாங்கிவிட்டாள். கார்த்திக்குக் கம்பெனி கார் இருப்பதால் அவருடைய பழைய கார் பில்டிங்குக்குப் பின்னால் வெயிலில் சும்மா நிற்கிறது. அதை ஓட்டிக்கொண்டு போவதுதான் திட்டம்.

“மெக்கானிக்கிட்ட காட்டுனோம்ண்ணா. அஞ்சு ரிப்பேர் சொல்லி அஞ்சு விரலையும் மடக்கிட்டான். அதைக் கேட்டுட்டு இவரு வண்டியை வித்துரலாம்னு ஒத்தக் கால்ல நிக்கறாரு. வண்டி போச்சுன்னா வேலையும் போச்சு.”

“அதுக்கு நான் என்ன கண்ணு பண்றது? எனக்கு வண்டியப் பத்தி என்ன தெரியும்?”

“உனக்குத் தெரியாதுன்னு எனக்குத் தெரியும். அந்த மெக்கானிக்குக்குத் தெரியாதில்ல? பானெட்டைத் தொறந்தா குனிஞ்சு பாரு. பாத்துட்டு ‘ம்ம்’னு ஒரு இழுப்பு இழு. வாயத் தொறந்து வேற எதுவும் பேசிராத.”

டிக்கெட் போட்டு, விசா எடுத்து, கடல் தாண்டிக் கூட்டி வந்தது இதற்குத்தானா!

மறுநாள் புதன்கிழமை, சுமதி வீட்டுக்குச் சற்றுத் தள்ளியிருக்கிற பட்டறைப் பேட்டையான முசஃபாவுக்குக் கிளம்பினோம். சுமதி ஓட்டினாள், நான் பக்கத்தில் உட்கார்ந்து இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தேன். எங்கள் ஊரில் பாடி கட்டும் பட்டறைகள் ஒரு ரோடு நிறைய இருக்கும். முசஃபாவில் அது ஒரு ஊர் நிறைய இருக்கிறது. எந்தத் தெருவில் திரும்பினாலும் வெல்டிங் பொறி, டயர்க் குவியல், கதவில்லாத கார். தெருக்களுக்குப் பெயர் கிடையாது, ‘எம்’ போட்டு ஒரு எண்தான். சுமதி ஒரு எண் தள்ளித் திரும்பிவிட்டாள். போன் காட்டிய வழியில் போனால் சிமெண்ட் லாரிகள் வரிசையில் மாட்டிக்கொண்டோம். பின்னாலிருந்து ஒரு லாரிக்காரர் ஹாரன் அடித்து “யல்லா, யல்லா!” என்று அரபியில் விரட்டினார். “இரு மாமா, போறேன்!” என்று சுமதி கண்ணாடியைப் பார்த்துச் சொன்னாள். அவருக்குக் கேட்டிருக்காது, ஆனால் எனக்குத் தைரியம் வந்தது.

வழி தப்பிய அலுப்புக்கு ஒரு டீ குடிக்கலாம் என்று கஃபட்டேரியா முன்னால் நிறுத்தினாள். இறங்கப் போன என்னைக் கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டு ஹாரனை அடித்தாள். உள்ளேயிருந்து ஒருவர் ஓடி வந்து கண்ணாடி வழியாக ஆர்டர் எடுத்துக்கொண்டு போனார். நாமக்கல்லில் டீக்கடை முன்னால் ஹாரன் அடித்துப் பாருங்கள், வெந்நீர்தான் வந்து விழும். இங்கே ஏலக்காய் மணக்க கரக் டீயும், முட்டை சுருட்டிய பரோட்டாவும் மடிக்கே வந்தன. முட்டை கொஞ்சம் பழசு. தொழில்காரன் நாக்கு, கண்டுபிடித்துவிடும்.

மெக்கானிக் ரஃபீக் பாய் பாகிஸ்தான் பஞ்சாப்காரர். ஓங்குதாங்கான ஆள், மருதாணி போட்ட தாடி. சுமதி அவரிடம் என்னைக் காட்டி இந்தியில் ஏதோ சொன்னாள். அவர் முகம் மலர்ந்து, கிரீஸ் கையைத் துணியில் துடைத்துவிட்டு, என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். “நாமக்கல்! அச்சா, அச்சா! உஸ்தாத்!”

“என்ன கண்ணு சொன்ன?”

“உனக்கு நூறு லாரி ஓடுதுன்னேன். அதான் ‘உஸ்தாத்’, குருன்னு கும்புடறாரு. இங்க தமிழ் டிரைவருக நெறைய பேரு வர்றாங்களாம், நாமக்கல்னா அவருக்குத் தெரியுமாம்.”

அட சாமி, நூறா? பத்து என்று சொல்லியிருந்தால்கூடச் சமாளித்திருப்பேன்.

ரஃபீக் பாய் பானெட்டைத் திறந்தார். உள்ளே பேட்டரி தெரிந்தது. அது மட்டும்தான் எனக்கு அடையாளம் தெரிந்தது. அவர் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டி விரலை மடக்கினார், சுமதி மொழிபெயர்த்தாள். ஏசி கம்ப்ரஸர் மாற்ற வேண்டும். நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து, சந்தேகமாக “ம்ம்” என்றேன். ரஃபீக் பாய் என் முகத்தைப் பார்த்தார். மடக்கிய விரலை மெல்ல நிமிர்த்திவிட்டு, “இப்போதைக்கு ஓடும், உஸ்தாத்” என்றார்.

எனக்கே தூக்கிவாரிப் போட்டது. நம்மிடம் இப்படி ஒரு சக்தி இருப்பது இத்தனை நாள் தெரியவில்லையே!

இன்ஜினைத் தாங்கும் மவுண்ட். “ம்ம்.” ஒரு விரல் நிமிர்ந்தது. ஷாக் அப்சார்பர். இதற்குக் கொஞ்சம் நீளமாக “ம்ம்ம்” என்றேன். இன்னொரு விரல். ரேடியேட்டர் ஹோஸுக்கு மட்டும் அவர் மசியவில்லை. அந்தக் குழாயை இரண்டு விரலால் கிள்ளிக் காட்டினார், சுருக்கம் சுருக்கமாக வெடித்திருந்தது. இதற்கு ‘ஆமாம்’ என்கிற மாதிரி ஒரு “ம்ம்”. கடைசியில் நான்கு டயர்.

இங்கேதான் கெட்டுப்போனேன். டயரைப் பார்த்ததும் எனக்கு ஏதோ தெரிந்த மாதிரி இருந்தது. ஊரில் லாரிக்காரர்கள் டயரைப் பற்றிப் பேசும்போது தரையில் பதிகிற கட்டங்கள், அதாவது பட்டன், இருக்கிறதா, தேய்ந்துவிட்டதா என்றுதான் பேசுவார்கள். குனிந்து கட்டை விரலால் தடவினேன். பட்டன் ஆழமாக, கூர்மையாக இருந்தது. தங்கையின் உத்தரவை மறந்து வாயைத் திறந்துவிட்டேன்.

“பட்டன் புதுசாட்ட இருக்குதே! இதை எதுக்குங்க மாத்தோணும்? எங்கூர்ல இன்னும் ரெண்டு தடவ காசிக்குப் போய்ட்டு வந்துருவோம்.”

சுமதி பெருமையாக அதை இந்தியில் சொன்னாள். ரஃபீக் பாய் டயரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தாடியைச் சொறிந்தார். ஏதோ சொல்ல வாயெடுத்து, பிறகு நூறு லாரி முதலாளியிடம் நாம் என்ன சொல்வது என்று நினைத்தாரோ என்னவோ, அந்த விரலையும் நிமிர்த்திவிட்டார்.

ஹோஸை மட்டும் மாற்றிக்கொண்டு வீடு திரும்பினோம். கார்த்திக் இரவுச் சாப்பாட்டில் எனக்கு மீன் துண்டை எடுத்து வைத்தார். “மச்சான் பார்த்துட்டு சரின்னா சரிதான். எனக்கு என்ன பயம்னா, அந்த ஹைவேல எல்லாரும் பறப்பாங்க. இவ நடுவுல எங்கயாவது நின்னுட்டா என்ன பண்றது? ஆனா நீங்க சொல்லிட்டீங்க, அப்புறம் என்ன?” சுமதி மேஜைக்கடியில் என் காலை மிதித்து நன்றி சொன்னாள். நான் தலை நிமிராமல் மீனில் முள் பொறுக்கினேன்.

வெள்ளிக்கிழமை தனியாக ஊர் சுற்றப் புறப்பட்டேன். ஊர் சுற்றுவது என்றால் எனக்கு முட்டை பார்ப்பது. எந்த ஊருக்குப் போனாலும் கடையில் முட்டை எந்த விலை, எந்தச் சைஸ் என்று பார்க்காவிட்டால் எனக்குப் போன மாதிரியே இருக்காது. சூப்பர் மார்க்கெட்டில் முட்டைக்கென்றே ஒரு சுவர் இருந்தது. குளிரூட்டிய அலமாரியில் வெள்ளை, பழுப்பு, பெரியது, அதைவிடப் பெரியது. ஒவ்வொரு முட்டையின் ஓட்டிலும் சிவப்பு மையில் தேதி அடித்திருந்தது! அட்டையில் அல்ல, முட்டையிலேயே. இது நம்ம ஊர் மண்டிக்கு வந்தால் பாதிப் பேர் தொழிலை விட்டுப் போய்விடுவார்கள் என்று எனக்குச் சிரிப்பு வந்தது. வீட்டுக்கு ஓர் அட்டை வாங்கிக்கொண்டேன்.

பஸ் நிறுத்தம் கண்ணாடிக் கூண்டு. உள்ளே ஏசி. எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டில் மின்விசிறி சுற்றினாலே திருவிழா. சுகமாக உட்கார்ந்திருந்துவிட்டு, முதலில் வந்த பஸ்ஸில் ஏறப் போனேன். பக்கத்தில் நின்ற ஓர் அம்மா என் கையைப் பிடித்து நிறுத்தினார். யாழ்ப்பாணத்துக்காரர், ஒரு வீட்டில் பிள்ளை பார்க்கும் வேலையாம்.

“தம்பி, நீங்கள் முசஃபாப் பக்கம் எல்லோ போகோணும்? இது டவுனுக்குப் போற பஸ். ரோட்டுக்கு அங்கால போய் நில்லுங்கோ. முட்டையைக் கவனமாப் பிடியுங்கோ, ஆக்கள் இடிச்சுப் போடுவினம்.”

நான் தமிழ் என்றும், எந்தப் பக்கம் போகிறேன் என்றும் எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். “நீங்கள் முட்டையோட கதைச்சுக்கொண்டெல்லோ இருந்தனீங்கள்” என்றார். வாய்விட்டுப் பேசியிருக்கிறேன் போலிருக்கிறது. சரியான பஸ்ஸில் ஏறி, தவறான நிறுத்தத்தில் இறங்கி, மே மாத வெயிலில் வெந்து, வீடு போய்ச் சேர்ந்தேன். அட்டையில் ஒரு முட்டைகூட உடையவில்லை.

பில்டிங்குக்குப் பின்னால் சுமதி காரைத் துடைத்துக்கொண்டிருந்தாள். தூசியோடு நின்றால் முனிசிபாலிட்டி நோட்டீஸ் ஒட்டிவிடுமாம். முட்டை அட்டையைக் கார் மேல் வைத்துவிட்டு நிழலுக்காகச் சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தினேன். கண்ணுக்கு நேரே டயரின் பக்கவாட்டில், ஒரு சின்ன முட்டை வடிவக் கட்டத்துக்குள் நான்கு எண்கள்.

“இதென்ன கண்ணு, டயர்லயும் தேதி அடிச்சிருக்கறாங்க?”

“அது டயர் பொறந்த தேதிண்ணா. மொத ரெண்டும் எத்தனாவது வாரம், கடைசி ரெண்டும் வருஷம். டிரைவிங் கிளாஸ்ல சொல்லிக் குடுத்தாங்க. இந்த வெயில்ல ரப்பர் காஞ்சு போயிருமாம், ஓடுனாலும் ஓடாட்டியும் அஞ்சு வருஷம் ஆனா...”

அவள் பேச்சு பாதியில் நின்றது. துணியைப் போட்டுவிட்டு வந்து குனிந்தாள். அவள் மகன் ஏழாவது படித்த வருஷத்து டயர். அந்தப் பையன் இப்போது மீசை வைத்துக்கொண்டு காலேஜ் போகிறான். அடுத்த டயரும் அதே. நான்கும் அதே.

ஓடு பளபளவென்று இருப்பதால் உள்ளே நன்றாக இருக்கும் என்று நம்பி முட்டை வாங்குகிறவனை என் மண்டியில் நானே கிண்டல் செய்வேன். வண்டி நின்றே கிடந்தால் பட்டன் எங்கே தேயும்? நின்ற இடத்திலேயே வெயில் தின்றிருக்கிறது. அதைத் தடவிப் பார்த்துக் காசிக்குப் போகலாம் என்று சொன்னவன் நான். இந்த டயரில் என் தங்கை திங்கள்கிழமை அந்த ஹைவேயில் பறக்க இருந்தாள்.

“அவருகிட்டச் சொல்லீராதண்ணா” என்றாள் சுமதி. கண் கலங்கிவிட்டது. “ஒண்ணு சரியில்லன்னு சொன்னா, பாத்தியா நான் அப்பவே சொன்னேன்னு வண்டியை வித்துருவாரு. ஒரு மாசம் ஓட்டீட்டு சம்பளம் வந்ததும் நானே மாத்திக்கறேன்.”

“ஒரு மாசமா? ஒரு நாளும் வேண்டாம். வேலை போனா வேற வேலை பாத்துக்கலாம் கண்ணு.”

என்மேல் கோபப்பட்டாள். “உன்னை ‘ம்ம்’னு மட்டும்தானே சொல்லச் சொன்னேன், உன்னை யாரு டயரைத் தடவச் சொன்னது?” என்று திட்டினாள். நியாயமான திட்டு, வாங்கிக்கொண்டேன். பிறகு முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “நானே சொல்றேன்” என்று மாடி ஏறினாள்.

கார்த்திக் சோபாவில் இருந்தார். சுமதி எல்லாவற்றையும் போட்டு உடைத்தாள். டயர் தேதி, ‘ம்ம்’, நூறு லாரி, எல்லாம். நான் முட்டை அட்டையை மடியில் வைத்துக்கொண்டு தலை குனிந்து உட்கார்ந்திருந்தேன். கல்யாணக் கார் பஞ்சர் வரை வந்துவிட்டது விஷயம்.

“அப்ப அன்னிக்கு நீங்க மேற்பார்வை பார்க்கலையா?” என்றார் என்னைப் பார்த்து.

“வேடிக்கை பாத்தேனுங்க மாப்பிள்ளை.”

அவர் சிரிக்க ஆரம்பித்தார், கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். அப்புறம் சுமதியிடம் திரும்பினார். “இத்தனை நாள் நீ எல்லாம் சரியா இருக்கு, எல்லாம் சரியா இருக்குன்னே சொல்லிட்டிருந்தே. அதனாலதான் எனக்குப் பயமா இருந்துச்சு. இன்னிக்குத்தான் ஒண்ணு சரியில்லைன்னு நீயே வந்து சொல்றே. இப்பதான் நீ ஓட்டுவேன்னு நம்பிக்கை வருது. நாளைக்கு மூணு பேரும் போலாம், அந்த பாய்கிட்ட நான் பேசறேன்.”

சுமதி அவரைப் பார்த்த பார்வையை எழுத எனக்கு வராது. நான் எழுந்து ஆம்லெட் போடப் போய்விட்டேன்.

சனிக்கிழமை ரஃபீக் பாய் என்னைக் கண்டதும் “உஸ்தாத்!” என்று எழுந்தார். நான் சுமதியிடம் உண்மையைச் சொல்லச் சொன்னேன். எனக்குத் தெரிந்த ஒரே இந்தி வார்த்தை முட்டை, அதை நானே சொன்னேன். “அண்டா. நான் அண்டா.” லாரி ஓட்டுவது போல் காட்டி, இல்லை என்று கையை ஆட்டி, கோழி மாதிரி இரண்டு கையையும் அடித்துக் காட்டினேன். பட்டறையே வேலையை நிறுத்திவிட்டுச் சிரித்தது.

ரஃபீக் பாய் மட்டும் சிரிக்காமல் தலையில் கை வைத்துக்கொண்டார். அவர் சொன்னதைச் சுமதி தமிழில் சொன்னாள். “டயரை விட்டது தப்புன்னு மூணு நாளா உறுத்திட்டே இருந்துச்சாம். பெரிய ஆளு சொல்றாரேன்னு வாயை மூடிட்டேன், நான் பிடிவாதமா சொல்லியிருக்கணும்கறாரு.”

“அப்ப மத்த விரலெல்லாம் ஏன் மடக்கினீங்க?” என்று கார்த்திக் கேட்டார். அதற்கு அவர் கூச்சப்படவே இல்லை. எதையாவது சொல்லாமல் விட்டு அது ஆறு மாதம் கழித்துக் கெட்டால், ஏன் முன்னாலேயே சொல்லவில்லை என்று இதே ஆட்கள் வந்து கத்துவார்களாம். அதனால் கண்ணில் பட்டதையெல்லாம் சொல்லிவிடுவது அவர் வழக்கம். இன்றைக்கு வேண்டியது எது, அடுத்த வருஷம் வேண்டியது எது என்று யாரும் கேட்பதில்லை, மொத்தம் எவ்வளவு என்றுதான் கேட்கிறார்கள் என்றார்.

சுமதி ஒரு நிமிஷம் யோசித்துவிட்டுக் கேட்டாள். “பாய், திங்கக்கெழம உங்க தங்கச்சி இந்த வண்டியில ஜெபல் அலி போறான்னா, எதையெல்லாம் மாத்துவீங்க?”

ரஃபீக் பாய் ஐந்து விரலையும் விரித்துப் பார்த்தார். டயருக்கு ஒன்றை மடக்கினார். மற்ற விரல்களோடு கொஞ்சம் போராடினார், பாவம். கடைசியில் கார்த்திக்கைக் கூப்பிட்டு வண்டியின் முன் மூலையை அழுத்தி விடச் சொன்னார். வண்டி ஒரு தடவை எழுந்து அப்படியே நின்றது. ஊஞ்சல் மாதிரி ஆடிக்கொண்டே இருந்தால்தான் ஷாக் அப்சார்பர் போச்சு என்று அர்த்தமாம். ஏசியின் ஃபில்டரைக் கழற்றி உதறினார், பாலைவனத்தில் ஒரு கைப்பிடி கீழே கொட்டியது. சுத்தம் செய்து மாட்டியதும் காற்று நன்றாகவே வந்தது, கம்ப்ரஸர் தப்பித்தது. மவுண்ட் அடுத்த சர்வீஸ் வரை தாங்கும், நடுக்கம் கூடினால் வரச் சொன்னார். “கலாஸ், முடிஞ்சது” என்று கையைத் தட்டிக்கொண்டார்.

புது டயர் வந்ததும் நாங்கள் மூன்று பேரும் வரிசையாகக் குந்தி நான்கு டயரிலும் தேதி படித்தோம். ரஃபீக் பாய் டீ வாங்கிக் கொடுத்து, அடுத்த தடவை வரும்போது நாமக்கல் முட்டை கொண்டு வரச் சொன்னார். விமானத்தில் முட்டையா என்று யோசித்தேன், ஆனால் தலையாட்டிவிட்டேன்.

திங்கள் காலை சுமதி ஜெபல் அலிக்குத் தனியாகக் கிளம்பினாள். கார்த்திக் பின்னாலேயே தன் காரில் போகிறேன் என்றார், அவள் விடவில்லை. அவரும் நானும் பால்கனியில் நின்று கார் ரவுண்டானாவில் திரும்பி மறையும்வரை பார்த்தோம். பிறகு ஆளுக்கொரு டீயை ஆற வைத்துவிட்டு, போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அவர் ஆபீஸுக்குப் போகவில்லை. ஏன் என்று நான் கேட்கவும் இல்லை.

போன் அடித்தது. கார்த்திக் எடுத்து, ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

“அண்ணா, வந்து சேந்துட்டேன். வண்டி அருமையா ஓடுச்சு. லாரிக்காரனுக எல்லாம் வழி விட்டானுக. என்ற டேபிள்ல என்ற பேரு போட்டு வெச்சிருக்கறாங்கண்ணா!”

எவ்வளவோ சொல்ல வேண்டும் போலிருந்தது.

“என்னண்ணா, லைன்ல இருக்கறயா? ஏதாவது பேசு.”

“ம்ம்” என்றேன்.

“ஆரம்பிச்சுட்டியா உஸ்தாத்!” என்று அந்தப் பக்கம் அவள் சிரித்தாள்.